பந்திப் பாட்டு

என் மனைவி மறைந்து ஐந்து மாதங்களாகின்றன. அவளைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம், எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஒரு பாட்டைத் தேடி அலைந்ததுதான் முன்னால் வருகிறது.

அப்போது எங்களுக்கு மணமாகி ஓராண்டு. சேலையூரில் வாடகை வீடு. சினிமாப் பாட்டு அனுமதிக்கப்படாத கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள் அவள். அக்கம்பக்கத்துக் கல்யாண வீடுகளின் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு தொடங்கினால், பல்லவி முடிவதற்குள் அவள் தகப்பனார் சன்னலைச் சாத்தி, எல்லோரையும் உரக்கக் கீர்த்தனை பாடவைத்துவிடுவார். ஆகவே பல்லவியின் மெட்டு மட்டுமே அவளிடம் தங்கியிருந்தது. சரணத்தை ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. கல்லூரியில் சக ஆசிரியர்களிடம் முனகிக் காட்டினேன். என் குரலை நம்பி ஆளுக்கொரு படத்தின் பெயரைச் சொன்னார்கள்.

கடைசியாகத் தாம்பரத்தில் மைக்செட் வாடகைக்கு விடுபவரிடம் போனோம். அவள் முனகினாள். அவர் படத்தைப் பற்றியோ பாடியவரைப் பற்றியோ பேசவில்லை. கல்யாணத்தில் எந்த நேரத்தில் கேட்டது என்று மட்டும் விசாரித்தார். சாம்பார் வாசனை வரும் நேரம் என்றாள்.

“அப்ப பந்திக்கு கூப்புட்ற பாட்டும்மா அது. ஞாயித்துக்கெழம அஸ்தினாபுரத்துல ஒரு கல்யாணம் கீது. வந்துடுங்க.”

அழைப்பில்லாமல் போனோம். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டாராகவும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாராகவும் எண்ணி உபசரித்தார்கள். பாட்டு தொடங்கியதும் கூட்டம் பந்திக்கு எழுந்தது. இரண்டு பெண்கள் அவளைக் கைபிடித்து இழுத்துப்போய் இலை முன் உட்காரவைத்தார்கள். வாளிச் சத்தத்தில் சரணம் கரைந்துபோயிற்று. பாயசத்தைத் தொடாமல் எழுந்துவந்து, மறுபடி போடச் சொன்னாள்.

மைக்செட்காரர் தயங்கினார். “இப்ப போட்டா அடுத்த பந்தின்னு எல்லாரும் வந்து குந்திடுவாங்கம்மா. சோறு இன்னும் வடிக்கல.”

“குந்தட்டுமே அண்ணா. மூணு நிமிஷப் பாட்டுதானே?”

ஊசியை வைத்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று. இலை போடாத பந்தியில் இடம் பிடிக்கப் பெரியவர்களே முண்டியடித்தார்கள். சமையற்காரர் கரண்டியோடு வெளியே வந்து, பாட்டுப் போட்டது யார் என்றார். மைக்செட்காரர் என்னைக் கைகாட்டினார். “சார்தான் கேட்டாரு.”

நான் மறுக்கவில்லை. இசைத்தட்டை நிறுத்தச் சமையற்காரர் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, அவருடைய ஒவ்வொரு வசவுக்கும் வகுப்பில் விளக்குவது போல நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தோளுக்குப் பின்னால், புனல் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி, அவள் இரண்டு சரணங்களையும் கேட்டு முடித்தாள்.