மழைக்கு நீட்டிய கை

என் சித்தி சிலை செய்கிறவள் என்று சொன்னால், "எந்தத் தலைவர் சிலை?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சித்தி இதுவரை ஒரு தலைவரையும் செய்ததில்லை. விரலை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆட்கள் ஊரில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள் என்பது அவள் கட்சி. அவள் செய்வதெல்லாம் நம்மை மாதிரி ஆட்களை. பெரியாஸ்பத்திரி வாசலில் இரும்பில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் சித்தியின் ஆள்தான். உள்ளே யாரையாவது சேர்த்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அவர் முதுகில் சாய்ந்து தூங்குவார்கள். சாய்ந்து சாய்ந்து அந்த முதுகு மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது. அதற்கு மேல் பாலிஷ் போட யாராலும் முடியாது என்பாள் சித்தி.

எங்கள் வீட்டில் முன்னறை அம்மாவுக்கு, பின்வாசல் சித்திக்கு. அம்மா பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். சித்தி பின்வாசலில் தகரத்தை அடித்து வளைத்து வெல்டிங் வைப்பாள். நடுவே ஒரு கதவு இருக்கிறது. ஆனால் தீப்பொறி கதவைத் தட்டிக் கேட்டுவிட்டா வரும்?

"அடியே, இந்தப் புள்ள ஓட்டைச் சட்டையோடயா ஸ்கூலுக்குப் போகும்?"

"காத்து வரும், விடுக்கா."

தினமும் இதுதான். எனக்கு அலாரமே வேண்டாம்.

சித்தியிடம் ஒரு கிறுக்கு உண்டு. சிலை நிற்கப்போகிற இடத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிடுவாள். பஸ் நிறுத்தத்துக்கு ஒரு சிலை வேண்டும் என்று நகராட்சி கேட்டபோது, மழைக்காலம் முழுக்க அங்கேயே பழியாய்க் கிடந்தாள். ஒரு பஸ்ஸிலும் ஏறவில்லை. "எங்கம்மா போகணும்?" என்று கண்டக்டர்கள் கேட்டால், "எங்கயும் இல்ல, நீங்க கிளம்புங்க" என்பாள். பாவம், யாரோ ஏமாற்றிவிட்டுப் போய்விட்டான் போல என்று அவர்களாகவே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள்.

அங்கே உட்கார்ந்து அவள் பிடித்தது ஒரே ஒரு கையைத்தான். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் எல்லோரும் கூரை ஓரத்தில் நின்று, விட்டுவிட்டதா என்று பார்க்க உள்ளங்கையை வெளியே நீட்டுகிறார்கள். அப்படி உருவான சிலைதான் நாங்கள் இரும்பக்கா என்று கூப்பிடுகிறவள். இடுப்பில் கூடை, பஸ் வரும் பக்கம் எக்கிய கழுத்து, கூரைக்கு வெளியே நீட்டிய ஒரு கை. தகரக் கூரையின் நுனி அந்த உள்ளங்கைக்கு நேர் மேலே. மழை பெய்தால் கை நிரம்பி வழியும். சின்னப் பிள்ளைகள் அதில் விளையாடும், காக்கா குளிக்கும். வெயில் காலத்தில் எல்லோரும் அதில் பையை மாட்டிவிட்டு நிற்போம்.

அப்புறம்தான் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சட்டையிலும் முகத்திலும் ஒரு சுருக்கம் கிடையாது என்பதால் எங்கள் தெருவில் அவருக்கு இஸ்திரி என்று பெயர். நகராட்சிக்குக் கண்ணாடிக் கதவு போட்ட புதுக் கட்டடம். அதன் வாசலுக்கு இரும்பக்கா வேண்டுமாம்.

"இவ்வளவு நல்ல சிலை, கண்டவன் துப்புற இடத்துல நிக்கலாமா?"

"துப்புறவன்கூட அவளை விட்டுத் தள்ளித்தான் சார் துப்புறான். அவளுக்கு அங்கதான் வேலை" என்றாள் சித்தி.

"சிலை நகராட்சியோடது. நான் உங்ககிட்ட கேக்கலம்மா, தகவல் சொல்றேன்."

கேஸ் கட்டரால் பாதத்தின் அடியில் அறுத்து, கிரேனில் தூக்கிக்கொண்டு போனார்கள். புது வாசலில் நிறுத்தி, பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று கனமான இரும்புப் பலகை ஒன்றையும் நட்டார்கள்.

அன்றைக்குச் சித்தி வெல்டிங் வைக்கவில்லை. அம்மாவின் துணியில் ஒரு ஓட்டைகூட விழவில்லை. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "என்னடி, கரண்ட் இல்லையா?" என்று பின்வாசல் வரை வந்து கேட்டாள். கரண்ட் இருந்தது.

இஸ்திரி ஒன்றை யோசிக்கவில்லை. அந்த வாசலில் கூரை இல்லை, பஸ்ஸும் வராது. உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் இரும்பக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சான்றிதழ் வாங்க வந்த ஒருத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் உள்ளதான் கேட்டீங்க, இப்ப வாசல்லயே ஆள் போட்டாச்சா?" என்றார். மறுநாள் அந்தக் கையில் ஒரு காலிக் கவர் இருந்தது. என்னை ஏன் பார்க்கிறீர்கள்? கவர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அந்தப் படம் ஊரில் இருக்கிற அத்தனை போனுக்கும் போய்விட்டது.

இஸ்திரி எங்கள் வீட்டுக்கே வந்தார். முதல் முறையாக அவர் சட்டை கசங்கியிருந்தது.

"கையை மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுங்கம்மா. கும்பிடுற மாதிரி."

"இன்னொரு கையில கூடை இருக்கே சார்" என்றேன்.

"வாலு, நீ சும்மா இரு" என்று என்னை அடக்கிவிட்டு, சித்தி அவர் பக்கம் திரும்பினாள். "நான் செஞ்சது மழைக்கு நீட்டின கை. அதைக் காசுக்கு நீட்டின கையா ஆக்குனது நீங்க. மடக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்குக் காலையில துண்டு துண்டா அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

"நானும் வர்றேன்" என்றாள் சித்தி.

சொன்னபடி போனாள். இரும்பக்கா பக்கத்தில் நின்று, அதே மாதிரி கழுத்தை எக்கி, அதே மாதிரி கையை நீட்டினாள். கேஸ் கட்டர்காரர், "தள்ளுங்கம்மா, பொறி படும்" என்றார். சித்தி முழங்கை வரைக்கும் இருந்த தழும்புகளைத் திருப்பிக் காட்டினாள். அவர் கட்டரைக் கீழே இறக்கிவிட்டார். நான் இந்தப் பக்கம் கையை நீட்டி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையிலிருந்தே திட்டிக்கொண்டு அம்மா வந்தாள். கழுத்தில் அளவு டேப், கையில் பை. "குடும்ப மானத்தை நடுத்தெருவுல ஏலம் விடுறீங்களேடி!" என்று கத்தியபடியே பையை இடது கைக்கு மாற்றி, வலது கையை நீட்டி வரிசையில் நின்றாள். "என்னடி பாக்குற? கை வலிக்குது. சீக்கிரம் ஒரு முடிவு சொல்லச் சொல்லு அந்த ஆளை."

சான்றிதழ்க்காரர் சேர்ந்தார். பஸ் இல்லாத நேரத்துக் கண்டக்டர் ஒருவர் சேர்ந்தார். உள்ளே போக வந்தவர்கள் எல்லோரும் எங்கள் கைகளைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. போகாமல் நின்று போனை எடுத்தார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இஸ்திரி நிற்பது நன்றாகவே தெரிந்தது. கண்ணாடி வைத்தது அவர்தானே.

"சார், யார் கையை முதல்ல அறுக்கணும்?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார் கட்டர்காரர்.

மதியத்துக்குள் கிரேன் வந்துவிட்டது. இரும்பக்காவையும் அவளோடு அந்தப் பலகையையும் பிடுங்கி ஏற்றி, இரண்டும் கண்ணில் படக் கூடாது என்று பஸ் நிறுத்தத்தில் போட்டுவிட்டுப் போனார்கள்.

அவளைப் பழைய இடத்திலேயே நிமிர்த்தி நிறுத்தினோம். கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நான் கூரைமேல் ஏறிக் குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். சொட்டு கையில் விழாமல் விரலுக்கு வெளியே விழுந்தது. பாதத்தின் அடியை அறுத்ததில் இரும்பக்கா குட்டையாகி, கொஞ்சம் சாய்ந்தும் போயிருந்தாள்.

"அடியில முட்டுக் குடுக்க ஏதாவது கனமா வேணும்" என்றாள் சித்தி.

தேடவே வேண்டாம். 'தொடாதீர்கள்' பலகையைக் குப்புறப் போட்டு, அதன்மேல் பாதத்தை வைத்து, சுற்றிலும் வெல்டிங் வைத்தாள். மறுபடி ஊற்றினேன். உள்ளங்கை நடுவில் விழுந்தது. அம்மா அந்தத் தண்ணீரைக் கையால் வழித்துக் கொட்டிவிட்டு, தன் பையை அதில் மாட்டினாள்.

இரும்பக்கா இன்றைக்கும் அந்தப் பலகையை மிதித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.