நான்கு விரல் துணி

முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் பட்டின் வாசனையைப் பற்றிப் பேசுவார்கள். வியர்த்த பட்டை அவர்கள் முகர்ந்ததில்லை. ஒரு மணி நேரம் ஆடிய உடம்பிலிருந்து கழற்றி, உலர்த்தாமல் பையில் திணித்து, சென்னையிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பிய பட்டு எப்படி நாறும் என்பது காஞ்சிபுரத்தில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நடன உடை தைப்பது என் தொழில். பிள்ளையார்பாளையத்தில், இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்கிற சந்தில், வீட்டு முன்னறைதான் கடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்ய முடிகிற வேலை இல்லை இது. வியர்வை எனக்குப் பழகிவிட்டது. பழகாத நாற்றம் ஒன்று உண்டு, அதைத்தான் எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்குத் தைக்கும்போது பக்கத் தையலில் நான்கு விரல் துணியை உள்ளே மடித்து விடுவோம். பிள்ளை வளரும். அடுத்த வருஷம் தையலைப் பிரித்து விட்டால் அதே உடை போதும். பெரியவர்களுக்கும் அப்படித்தான். உடம்பென்றால் கூடும், குறையும், மாதத்தில் சில நாள் உப்பும். உள்ளே துணி விடாமல் தைக்கிறவளை இந்தத் தொழிலில் யாரும் மதிக்கமாட்டார்கள்.

சென்னையிலிருந்து ஒரு நடன அமைப்பாளர் என்னைத் தேடி வந்தார். அப்போது அவர் பெரிய ஆளாகியிருக்கவில்லை. வெளிநாட்டில் பாலே படித்துத் திரும்பி, கடற்கரைச் சாலையில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, எட்டுப் பேரை வைத்து நவீன பாலே அமைத்துக்கொண்டிருந்தார். காஞ்சிப் பட்டில்தான் ஆட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இரண்டு பேர் தைத்துப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். பாலேயில் ஆண் பெண்ணை இடுப்பில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்குவான். வியர்த்த பட்டு வழுக்கும், ஜரிகை அவன் கையைக் கிழிக்கும். நான் ஒத்திகைக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து, கை எங்கே விழுகிறது என்று பார்த்து, உடையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு வந்தேன். அந்த இடங்களில் மட்டும் அதே நிறத்துப் பருத்தி வைத்துத் தைத்தேன். அதற்குப் பிறகு ஒருத்தியும் வழுக்கி விழவில்லை.

"நீங்க டெய்லர் இல்லம்மா, என் கிரியேட்டிவ் பார்ட்னர்," என்றார். ஆனால் நிகழ்ச்சி நோட்டீஸில் இசைக்காரர் பெயரும் விளக்குக்காரர் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன. நான் கடைசி வரியில், நன்றி என்பதற்குக் கீழே, டீ கொடுத்தவரோடு இருந்தேன். நான்கு வருஷம் அந்தக் கடைசி வரியிலேயே கிடந்தேன். இசைக்காரர் சினிமாவுக்குப் போனார். விளக்குக்காரர் துபாய் போனார். அவரோ ஐரோப்பிய விழாக்களுக்குப் போய்வர ஆரம்பித்தார். என் பெயரும் மேலே வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையை நான் மறைக்கப்போவதில்லை.

ஆடியவர்களில் ஒருத்தி வாலாஜாபாத்காரி. அப்பா ரைஸ் மில்லில் வேலை. அந்தக் குழுவிலேயே உயரத் தாவுகிறவள் அவள்தான். ஊருக்குப் போகும்போதெல்லாம் காஞ்சிபுரம் வரை வந்து, அழுக்கு உடைகளைக் கொடுத்துவிட்டுத் தைத்ததை எடுத்துக்கொண்டு போவாள். வந்தால் நேரே சமையலறைக்குள் போய் என்ன குழம்பு என்று மூடியைத் திறந்து பார்ப்பாள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற புதுப் படைப்புக்கு அளவெடுக்க மண்டபத்துக்குப் போனேன். எடுத்து முடித்ததும் அவர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். அவளுடைய இடுப்பு அளவை அடித்துவிட்டு, இரண்டு அங்குலம் குறைத்து எழுதினார்.

"சார், உடம்பு இதுல அடங்காதே," என்றேன்.

"துணியைத் தைங்கம்மா. உடம்பு வந்துடும்." பேனாவை மூடினார். "உள்ள எக்ஸ்ட்ரா துணி விடாதீங்க. இருந்தா பிரிச்சுக்கலாம்னு தோணும். வெட்டிடுங்க. அப்புறம், இந்தத் தடவை உங்க பேரு உடை வடிவமைப்புன்னு தனியா வருது."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில்தான் சொன்னார். நான் எதைக் காதில் வாங்கினேன் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வந்து, மாம்பழ நிறப் பட்டில் அவள் அளவுக்கு, அதாவது அவர் எழுதிய அளவுக்குத் தைத்தேன். தையலை ஒட்டிக் கத்தரியை ஓட்டினேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கீற்றுகள் விழுந்தன. நல்ல பட்டைக் குப்பையில் போட மனம் வராமல், ஒரு கவரில் போட்டு, மேலே அவள் பெயரை எழுதி, மேஜை இழுப்பறையில் வைத்தேன். இந்த ஒழுங்கெல்லாம் என்னிடம் உண்டு.

வெளிநாடு போவதற்கு முன் சென்னையில் நடக்கவிருந்த முதல் நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் அவள் தனியாக வந்தாள். அன்றைக்குச் சமையலறைப் பக்கம் போகவில்லை. உள்ளே போய் உடுத்திக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள். கொக்கிக்கும் அது மாட்டுகிற காதுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"கொஞ்சம் பிரிச்சு வுடுங்கக்கா. சாருக்குத் தெரிய வாணாம்."

அவளே கழற்றி உடையைத் திருப்பினாள். தையலைத் தடவிக்கொண்டு போன விரல் வெட்டிய விளிம்பில் நின்றது.

"எங்கக்கா துணி?"

"வெட்டச் சொன்னாரும்மா."

"வேற துணி வெச்சு ஒட்டுப் போட முடியாதா?"

முடியும். அரை மணி நேர வேலை. அக்குளுக்குக் கீழே பக்கத் தையலில் வைத்தால் முதல் வரிசையில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. அவளுடைய துணியே என் முட்டிக்கு அரையடி தள்ளி, இழுப்பறையில் இருந்தது. ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியும். என் பெயர் வரப்போகிற நோட்டீஸ் இன்னும் அச்சாகவில்லை.

"துணி இல்லம்மா," என்றேன்.

"சரிக்கா. நான் கொறச்சிக்கிறேன்."

சாப்பிடக் கூப்பிட்டேன். தண்ணீர் மட்டும் குடித்தாள். வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "போனா அம்மா சோறு போட்டுக்கினே இருக்கும்க்கா," என்று சொல்லிவிட்டுச் சென்னை பஸ்ஸுக்கே திரும்பிப் போனாள்.

நிகழ்ச்சியன்று கொக்கி சேர்ந்திருந்தது. மூன்றாவது வரிசையில் நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயர் தனி வரியில் இருந்தது. அவள் தாவியபோதெல்லாம் சபை மூச்சைப் பிடித்தது, நான் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தி, உடையும் உடம்பும் ஒன்றாகிவிட்டன என்று மைக்கில் சொன்னார். அவளும் கைதட்டினாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து உடைப் பை வந்தது. அவளுடையதை எடுத்தபோது கை அப்படியே நின்றது. வியர்வை நாற்றம் இல்லை, புளித்த நாற்றம். கழுத்தோரம் காய்ந்து போயிருந்தது. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான், வாந்தி நாற்றம் எனக்குத் தெரியாதா. உட்புறம் திருப்பினேன். கொக்கி வரிசை நெடுக, தோலில் பதிந்து பதிந்து, பொட்டுப் பொட்டாக ரத்தக் கறை. வாசலுக்குப் போய் நின்றேன்.

அவருக்குப் போன் செய்தேன். "அந்தப் பொண்ணு வாந்தி எடுக்குது சார்."

"டூர் டென்ஷன்மா, எல்லாருக்கும் இருக்கறதுதான். கறை போயிடுமா?"

அதைக் கேட்ட வாயை என்ன சொல்வது. ஆனால் பதில் சொன்ன வாய் என்னுடையது. "போயிடும் சார்," என்றேன். சொன்னபடியே பஞ்சை நனைத்து, ஒற்றி ஒற்றி, பட்டு சுருங்காமல் கறையை எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன். மனிதர்களில் எவ்வளவோ அசிங்கத்தைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பஞ்சைப் பிடித்திருந்த என் கையை விட அசிங்கமாக எதையும் பார்த்ததில்லை.

வெளிநாட்டில் மூன்றாவது நிகழ்ச்சியில் அவள் கால் எலும்பில் விரிசல் விட்டது. சாப்பிடாத உடம்பு, எத்தனை முறைதான் தாவி இறங்கும். அவளை வாலாஜாபாத்துக்கு அனுப்பிவிட்டு, அதே உடைக்குள் வேறொருத்தியை நுழைத்தார்கள். அதற்குமேல் அவருக்குத் தைப்பதில்லை என்று முடிவு செய்தேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்குள் அவரே மும்பையில் ஆள் பிடித்துவிட்டிருந்தார். இப்போதும் போனைத் திறந்தால் அவர் பேட்டி வருகிறது. ஆடுகிறவரின் உடலைக் கேட்டுத்தான் படைக்கிறேன் என்கிறார். போனை அணைத்துவிடுவேன்.

போன மாதம் அவள் வந்தாள். சதை போட்டிருந்தாள், பார்க்க நன்றாக இருந்தது. வாலாஜாபாத்தில் ஒரு மாடியில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித் தருகிறாளாம். பதினோரு பேருக்கு உடை வேண்டும். "உங்க தையல் கிழியாதுக்கா, அதான் வந்தேன்," என்றாள். சாக்பீஸ் எடுக்க இழுப்பறையை இழுத்தேன். கவர் மேலாகவே கிடந்தது. அவள் பெயர், என் கையெழுத்தில்.

அவள் அதை எடுத்துப் பிரித்தாள். மாம்பழ நிறக் கீற்று இரண்டையும் மேஜைமேல் நீட்டி வைத்து, விரலால் அகலம் பார்த்தாள். நான்கு விரல், கச்சிதமாக.

"அன்னிக்கு இது இருந்துச்சாக்கா?"

"இருந்துது."

அழுவாள், இல்லையென்றால் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கீற்றுகளை மடித்துக் கவருக்குள் போட்டு, இழுப்பறையில் வைத்து மூடினாள். பிள்ளைகளின் அளவு எழுதிய நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"ஒவ்வொண்ணுக்கும் உள்ள நாலு வெரல் வுடுங்க. எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடி திருப்பிப் பாப்பேன்."

"பாரும்மா," என்றேன்.