சந்துருவுக்கு அனுப்பாத மலை

தாலுகா ஆபீஸ் எதிரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். பட்டா நகல், வருமானச் சான்று, பரீட்சை விண்ணப்பம் என்று யாராவது நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவசரப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். போன செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து, பல வருடங்களுக்கு முன்னால் நான் ஸ்கேன் செய்து கொடுத்த பத்திரம் மறுபடியும் வேண்டும் என்றார். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூசி தட்டிச் செருகினேன். பத்திரம் அகப்படவில்லை. கோல்ஃப் என்று ஒரு ஃபோல்டர் அகப்பட்டது. உள்ளே ஒரே ஒரு படம். திறந்தால் மலை. எங்கள் மலைதான், செங்கம் ரோட்டுப் பக்கமிருந்து, முன்னால் ஒரு கட்டடம்கூட இல்லாமல்.

சட்டென்று மூடிவிட்டேன். “இன்னா சார், கெடைச்சிதா?” என்றார் அவர். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பவும் திறந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீயை வாங்கி வைத்துவிட்டு ஆறவிடுகிறேன். விண்ணப்பத்தில் அப்பா பெயர் போட வேண்டிய கட்டத்தில் ஊர் பெயரை அடிக்கிறேன். “எதுக்கு இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தறீங்க?” என்று வீட்டில் மனைவி கேட்டாள். கோல்ஃப் என்று சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

உங்களுக்கும் சிரிப்பு வரலாம். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நின்ற ஊரில் பச்சைப் புல்வெளிக்கு எங்கே போவது? நான் நிஜக் கோல்ஃப் மைதானத்தை இன்றுவரை பார்த்ததில்லை. என் கோல்ஃப் எல்லாம் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பிரௌசிங் சென்டருக்குள் நடந்தது. எனக்கு அதுதான் முதல் வேலை. எட்டு கம்ப்யூட்டர், இரண்டு மின்விசிறி. வெள்ளைக்காரர்கள் ஊருக்கு மெயில் எழுத வருவார்கள். கொசுவுக்குப் பயந்து உடம்பெல்லாம் வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள். அந்த வாசனையும் சூடேறிய மானிட்டர் வாசனையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் எங்காவது வேப்பெண்ணெய் மணந்தால் என் விரல் தானாக மவுஸைத் தேடும்.

கடைசி கம்ப்யூட்டரின் கீபோர்டு மட்டும் எப்போதும் வெளுத்திருக்கும். எழுத்துகளின் இடுக்கில் எல்லாம் விபூதி. அது சந்துரு உட்காரும் இடம். கோயிலில் பூஜை செய்யும் குருக்கள் வீட்டுப் பையன். என் வயது. நான் அடி அண்ணாமலையில் வேர்க்கடலை பயிரிடுகிற குடும்பம். பள்ளிக்கூடத்தில் ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்ச். காலையில் அப்பாவோடு சந்நிதியில் நின்றுவிட்டு, உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்தியதும் சைக்கிளில் வந்துவிடுவான். வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரமும் அதுதான். சாமிக்கும் ஓய்வு, சென்டருக்கும் ஓய்வு, எங்களுக்கு மூன்றரை மணி வரை ஆட்டம். விபூதியைப் பிரஷ்ஷால் தட்டி எடுப்பது மட்டும் என் வேலை.

அந்தக் கோல்ஃப் சிடி யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா டிரைவிலேயே விட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்து கேட்பார் என்று ஒரு மாதம் மேஜைக்குள் வைத்திருந்தோம், அதாவது ஒரு மாதம் என்றுதான் எங்கள் முதலாளியம்மாவிடம் சொன்னேன். உண்மையில் மறுநாளே போட்டுவிட்டோம். விதிமுறை யாருக்குத் தெரியும்? எத்தனை தடவை அடித்தோம் என்று திரையில் எண் ஏறும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லையா, ஜாஸ்தி வந்தால் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டோம். சந்துரு ஒருநாள் இருநூற்றுப் பன்னிரண்டு எடுத்து எனக்கு லஸ்ஸி வாங்கிக் கொடுத்தான். எவ்வளவு குறைவாக அடிக்கிறானோ அவ்வளவு கெட்டிக்காரன் என்று ஒரு வெள்ளைக்காரர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னபோது எங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கூடவே வந்த நாலைந்து மைதானங்கள் சீக்கிரமே சலித்துவிட்டன. மைதானத்துக்கு அந்த விளையாட்டில் கோர்ஸ் என்று பெயர். ஆனால் அந்த விளையாட்டுப் பைத்தியங்கள் உலகம் முழுக்க உட்கார்ந்துகொண்டு தங்கள் ஊர் மைதானத்தைத் தாங்களே வரைந்து இணையத்தில் சும்மா கொடுத்தார்கள். இறக்க வேண்டியது, பிரிக்க வேண்டியது, கோர்ஸ் ஃபோல்டரில் போட வேண்டியது. அப்புறம் பட்டியலைப் புதுப்பிக்க ஒரு குட்டி புரோகிராம், அதை ஓட்ட மறந்தால் மைதானத்தின் பெயரே வராது. இறக்குவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். தொண்ணூறு சதவீதத்தில் கரண்ட் போகும். போனால் மறுபடி முதலிலிருந்து.

இதையெல்லாம் தாண்டித் திறந்தால் சில கோர்ஸில் வானம் இருக்கிற இடம் வெள்ளையாக இருக்கும். மரம், புல், குழி எல்லாம் சரி. தூரத்து மலையும் மேகமும் மட்டும் காணோம். அடிவானப் படம் தனி ஃபைல், அது வேறொரு ஃபோல்டரில் இருக்க வேண்டும். செய்தவன் தன் கம்ப்யூட்டரில் அது இருப்பதால் சேர்த்துக் கொடுக்க மறந்திருப்பான். முகம் தெரியாத அந்த மனிதர்களை நான் கண்டபடி திட்டுவேன். சந்துரு சிரிப்பான். மறதி எல்லாருக்கும்தானேடா என்பான். அவன் சுபாவம் அப்படி.

ஒரு சித்திரையில் நாங்களே ஒரு கோர்ஸ் செய்ய ஆரம்பித்தோம். பக்கத்து போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கி, ரோட்டோரத்தில் நின்று மலையை எடுத்தோம். முதல் தடவை போட்டபோது அந்தப் படம் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டு நாலு பக்கமும் நாலு மலை வந்தது. சந்துரு கன்னத்தில் போட்டுக்கொண்டான். மூன்று பக்கம் வெறும் வானம் வரைந்து ஒரே மலையாக்க ஒரு வாரம் ஆனது.

அடுத்து அவன் ஒரு நிபந்தனை வைத்தான். கிரிவலம் போவது மாதிரி ஆடுகிறவருக்கு மலை எப்போதும் வலது கைப் பக்கம்தான் இருக்க வேண்டும். விளையாட்டிலோ மலை வடக்கே ஒரே இடத்தில் நிற்கிற படம், சுற்றி வர முடியாது. அப்புறம் என்ன, ஒன்பது குழியையும் கிழக்கிலிருந்து மேற்காக ஒரே வரிசையில் தோண்டினோம். ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. கோல்ஃப் ஆடுகிறவர்கள் கிளம்பின இடத்துக்கே திரும்பி வர வேண்டுமாம். எங்கள் மைதானத்தில் ஆடினால் செங்கம் போய்ச் சேரலாம், திரும்பி வர பஸ்தான் பிடிக்க வேண்டும். பந்தடிக்கிற பொம்மை ஷூ போட்டிருப்பதும் அவனுக்கு உறுத்தியது. கழற்ற முடியவில்லை. வெளியூர்க்காரன்தானே, போகட்டும் என்று மன்னித்துவிட்டான்.

அந்த வருடமே அவனுக்கு வெளிநாட்டில் ஒரு கோயிலில் அர்ச்சகர் வேலை வந்தது. மூன்று வருட ஒப்பந்தம். அவனுக்குப் போக இஷ்டமில்லை. வீட்டு நிலைமை அப்படி, அப்பா முடிவு செய்துவிட்டார். பஸ் ஏறுகிற அன்றைக்குக்கூட மூன்றரை மணி வரை என்னோடு உட்கார்ந்து ஆடினான். அவனுக்கு இஷ்டமில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் பின்னால் நான் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த ஊரில் எட்டு மாதம் பனி. கோயில் என்பது கடைகளுக்கு நடுவே ஒரு கிடங்கு. எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையான நிலம். கோயில் போனிலிருந்து மாதம் ஒரு தரம் எங்கள் சென்டருக்குப் பேசுவான். மலையைப் பார்க்காமல் என்னவோ மாதிரி இருக்கிறது, சமயத்தில் மந்திரம்கூட நடுவில் நின்றுவிடுகிறது என்பான். பக்தர் ஒருவர் பழைய கம்ப்யூட்டர் கொடுத்தாராம். அதே கோல்ஃப் சிடி அங்கே பழைய சாமான் கடையில் கிடைத்ததாம். நம்ம கோர்ஸை அனுப்பு என்றான். மெயிலில் அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அவன் அறையில் இணைப்பு கிடையாது. சிடியில் ஏற்றினேன். எந்த ஃபோல்டர், எந்த புரோகிராம், எதற்கு அப்புறம் எது என்று இரண்டு பக்கம் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். என் திறமையில் எனக்கே பெருமை.

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது. சென்டர் நிறையக் கூட்டம், ஒரு வெள்ளைக்காரர் பிரிண்டர் பேப்பரை இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“மலை இல்லடா” என்றான்.

“இல்லாம எங்க போவும்? நீ சரியா போட்டிருக்க மாட்ட.”

“நீ எழுதினபடிதான்டா போட்டேன். புல்லு வருது, கொடி வருது. மலை இருக்கற எடம் வெள்ளையா இருக்கு. அந்த வானம்...”

“இங்க என் கண்ணு முன்னாடி தெரியுது. உன் மெஷின்லதான் கோளாறு. அவ்ளோ மலை வேணும்னா நீ போயிருக்கக் கூடாது.”

“சரிடா, வெச்சிடறேன்” என்றான். நான் போய்ப் பிரிண்டரைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடைசி கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. கோர்ஸ் ஃபோல்டரை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். கோல்ஃபைத் திறந்தால் புல் வந்தது, கொடி வந்தது. வடக்கே வெள்ளையாக இருந்தது. மலை வேறு ஃபோல்டரில் அல்லவா இருந்தது? அதையும் எடுத்து அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண் விழித்தால் மலை, கதவைத் திறந்தால் மலை என்று வளர்ந்தவனுக்கு அது எங்கேயும் இருக்கும் என்ற நினைப்பு. எத்தனை பேரை அதே தப்புக்குத் திட்டியிருக்கிறேன்!

ஸ்டுடியோக்காரரிடம் படம் இருந்தது. மறுபடி வாங்கி, அளவெடுத்து, சிடியில் ஏற்றி, உறை மேல் விலாசம்கூட எழுதிவிட்டேன். உள்ளே ஒரு வரி எழுத வேண்டும். தப்பு என்னுடையதுதான் என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பேனா ஓடவில்லை. எழுந்து நடப்பேன், வந்து உட்காருவேன், வெள்ளைக்காரர் யாராவது கூப்பிட்டால் ஓடிவிடுவேன். உறை கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு பிரதோஷத்தன்று கோயிலில் அவன் அப்பாவிடம் மாட்டிக்கொண்டேன். அன்று பூஜை அவருடைய முறை. தீபாராதனைத் தட்டோடு என்னிடம் வந்தவர் நின்றார்.

“ஏம்ப்பா, ஏதோ படம் வரலைன்னு சொன்னானே. அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன் சாமி.”

“நல்லாருப்பே” என்று விபூதியைக் கையில் போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று பிராகாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். சேர்க்கவில்லை. வீம்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அடுத்த மாதம் அவன் போன் வரும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவன் போன் வரவே இல்லை. அப்புறம் சிடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வேலையை விட்டேன், கல்யாணம் ஆனது, சந்துரு அங்கேயே தங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் அப்பா முறைக்கு நிற்கிற நாளில் நான் கோயிலுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். ஊரில் இருந்துகொண்டே ஒருவருக்கு ஒளிந்து திரிவது எவ்வளவு அலைச்சல் என்று உங்களுக்குத் தெரியுமா?

அந்தப் படம் மறுபடி கண்ணில் பட்டதிலிருந்து மூன்று நாள் சுற்றினேன். நான்காம் நாள், பழைய பெஞ்ச்காரன் ஒருவனிடம் சந்துருவின் நம்பர் வாங்கி அந்தப் படத்தை அனுப்பிவிட்டேன். இதுதான் நான் அனுப்பாத ஃபைல், கோளாறு உன் மெஷினில் இல்லை, என் வாயிலும் புத்தியிலும்தான் என்று எழுதினேன். மறுநாள் விடிந்தபோது பதில் இருந்தது.

“தெரியும்டா. அடிவானம் ஃபைல்தான் விட்டுப்போச்சுன்னு அன்னிக்கே சொல்ல வந்தேன், நீ பேச விடலை. அப்புறம் அப்பா பேசினார். அவன் அனுப்பிட்டான், வந்துடும்னார். அப்பா சொன்னா பொய்யா இருக்காதுன்னு ஆறு மாசம் தினமும் தபால் பெட்டியைப் பாத்தேன்.”

நான் உடனே கோல்ஃப் முழுவதையும் அனுப்பட்டுமா என்று கேட்டேன். அவசரக்காரன் இல்லையா. அதெல்லாம் இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடாது என்றான். உண்மைதான், அன்று மத்தியானம் பழைய சிடியைத் தேடியெடுத்து நானே போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. மலையை இப்போது போனிலேயே பார்க்கிறானாம். கார்த்திகை தீபத்தை யாரோ ஒருவர் நேரலையில் காட்டுகிறாராம். நாங்கள் நின்று படம் எடுத்த இடத்தில் இன்று லாட்ஜ் இருக்கிறது. பிரௌசிங் சென்டர் இருந்த இடத்தில் பீட்சா விற்கிறார்கள்.

இன்று காலை கோயிலுக்குப் போனேன். குருக்கள் காலமாகி ஏழெட்டு வருடம் ஆகிறது, அவரிடம் போய் எதைச் சொல்வது? இருந்தாலும் போனேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. தட்டோடு வந்தவர் எனக்குத் தெரியாத முகம், சின்ன வயது. கை நிறைய விபூதி போட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.