கொடும்பாவிக்குக் கட்டிய பட்டு

எங்கள் ஊரில் மழை தவறினால் யாரும் வானத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆள் தேடுவார்கள். கரிசல்காட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி பாதி போயும் மழை இறங்கவில்லை என்றால் ஊரில் ஏதோ பாவம் நடந்திருக்கிறது என்று கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். சோளத்தட்டையில் ஒரு பொம்பளை உருவம் கட்டி, பானைத் தலையில் கரியால் கண் எழுதி, சேலை உடுத்தி, தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போய் ஊர் எல்லையில் எரிப்பார்கள். பெண்கள் பின்னாலேயே மாரடித்து அழுதுகொண்டு போக வேண்டும். அதற்குப் பெயர் கொடும்பாவி. வேட்டி கட்டிய கொடும்பாவியை நான் பார்த்ததே இல்லை. ஆம்பளை செய்கிற பாவத்துக்கெல்லாம் மழை கோபித்துக்கொள்ளாது போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்குப் பதினெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மாப்பிள்ளை அமைகிறவரை வீட்டில் இரு என்று உட்கார வைத்திருந்தார்கள். அப்பாவின் தங்கையும் எங்களோடுதான் இருந்தாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷமே மாமா லாரியில் அடிபட்டு இறந்துபோனார். பிள்ளை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பிவந்த அத்தை, தினமும் காலையில் வேன் ஏறிக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

அந்த ஆபீஸ் மேஸ்திரி மனைவியை இழந்தவர். அத்தையைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினார். எங்கள் சாதியில் தாலியறுத்தவளுக்கு இன்னொரு கல்யாணம் நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்பா ஒரு மாதம் யோசித்தார். கடைசியில், "அவளும் எத்தன நாளைக்கு இப்பிடியே கெடப்பா. கார்த்திகையில வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அத்தைக்கு முகமே மாறிவிட்டது. அடுப்படியில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வாள். ஒருநாள் கனகாம்பரம் வாங்கி வந்து எனக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைத் தன் தலைக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சாமி படத்துக்குப் போட்டாள்.

அம்மாவுக்கு என் கல்யாணக் கவலை. "ரெண்டாங் கல்யாணம் நடந்த வீடுன்னு பேரு வந்துட்டுன்னா எம் மவள எவன் வந்து கேப்பான்?" என்று என்னிடமே கேட்டாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

அந்த வருஷம் புரட்டாசியில் புழுதியிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தோம். ஐப்பசியும் பாதி போயிற்று. போட்ட கம்பையும் உளுந்தையும் எறும்பு இழுத்துக்கொண்டு போனது. குழாயடியில் பேச்சு கிளம்பியது. "தாலி அறுத்தவ மறுபடி தாலிக்கு அலையுறா. பெறகு எங்கன மழ பெய்யும்?" அத்தை பெயரைச் சொல்லவே இல்லை. நான் குடத்தோடு நின்றதால் குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்கள்.

கொடும்பாவி கட்டுவது என்று முடிவானது. இளவட்டங்கள் வந்து வாசலில் நின்று, "மதினி, ஒரு பழைய சேல குடுங்க" என்றார்கள். அத்தை வேலைக்குப் போயிருந்தாள். அம்மா உலையைக் கிண்டியபடி, திரும்பாமலே சொன்னாள்: "ஏட்டி, ஒங்கத்த பெட்டியில அடியில ஒரு பட்டு கெடக்கும். அத எடுத்துக் குடு. இனி அது யாருக்கு ஆவப்போவுது?"

அத்தையின் முகூர்த்தப் பட்டு. அரக்கு நிறம், பச்சைக் கரை. ஊரே கல்யாணத்தில் பார்த்த சேலை. எந்தச் சேலையைக் கேட்கிறாள், எதற்குக் கேட்கிறாள் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரியாத சின்னப்பிள்ளை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. நான்தான் பெட்டியைத் திறந்தேன். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினவன் சேலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

பொழுது சாய அத்தை வேனை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையவும் கொடும்பாவி எங்கள் தெருவுக்குள் வரவும் சரியாக இருந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்தாள். புழுதியில் இழுபட்டு வருகிற பட்டைப் பார்த்தாள். ஊர் முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. கத்துவாள், பிடித்து உருவுவாள் என்று நான் நினைத்தேன். உருவியிருந்தால் நானும் கூடப் போயிருப்பேன் என்று இப்போது சுலபமாகச் சொல்லலாம். அத்தை கையிலிருந்த தூக்குச்சட்டியை வாசலில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அழுகிற பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். அன்றைக்கு அவள் மாரடித்து அழுத மாதிரி யாரும் அழவில்லை. எல்லையில் தீ வைத்தபோது பட்டு எரிகிற நாற்றம் முடி பொசுங்குகிற நாற்றம் போலவே இருந்தது. வீட்டுக்கு வந்தபிறகு சேலை எப்படிப் போனது என்று அவள் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மழை வந்தது.

சும்மா தூறல் இல்லை. மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்து, கரிசல் சகதியாகிக் கால் புதைகிற அளவுக்குக் கொட்டியது. ஆம்பளைகள் துண்டைச் சுழற்றிக்கொண்டு தெருவில் ஆடினார்கள். அம்மா அழுதாள். நானும் ஓடிப்போய் நனைந்தேன். நனைந்துகொண்டிருக்கும்போதே, அப்போ நாம் செய்தது சரிதான் என்று ஒரு நிம்மதி எனக்குள் வந்தது. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் எழுபதுக்கு மேல் வாங்கியவள் நான். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மழை விடுவதற்கு முன்பே அத்தை அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, அந்த மேஸ்திரி வீட்டாள்கள வர வேண்டாம்னு சொல்லிருங்க."

"ஏம்ட்டி? யாரும் ஏதும் சொன்னாவளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. எரிச்சி மூணா நாளு பெய்யுதுல்லா. பாவம் எம் மேலதாம்ணே இருந்திருக்கு."

இரண்டு நாளாகவே வானொலியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, தென் மாவட்டங்களில் கனமழை என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். காலைச் செய்தி கேட்காமல் அப்பா காப்பியைத் தொட மாட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா வெளியே விழுகிற மழையைப் பார்த்துக்கொண்டே, "சரி, ஒன் இஷ்டம்" என்றார். அவர் முகத்தில் நான் கண்டதும் நிம்மதிதான். பெரிய ஆபத்திலிருந்து தப்பித்த குடும்பம் போல அன்று நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தைதான் பரிமாறினாள்.

மறுபடி விதைத்தோம். அந்த வருஷம் வெள்ளாமை பிரமாதம். மிளகாயும் பருத்தியும் நல்ல விலைக்குப் போயின. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து எனக்கு மாப்பிள்ளை வந்தது. குடும்பம் எப்படி என்று விசாரித்தவர்களுக்கு, கட்டுப்பாடான குடும்பம் என்று ஊர் சொன்னதாம். பங்குனியில் கல்யாணம். என் பட்டுக்குக் கொசுவம் மடித்துக் கொடுத்தது அத்தைதான். மேளச் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். மணவறையில் உட்கார்ந்திருந்தபோது, கூட்டத்தின் இடைவெளியில், அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பது தெரிந்தது. இங்கே வராதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. வா என்று நானும் கூப்பிடவில்லை.