விரலுக்குத் தெரிந்த கார்டுகள்

பத்தொன்பதாவது ஆட்டத்தில் பதினைந்தாவது முறையாக நான் வென்றபோதுதான் பயம் வந்தது. அதுவரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நாங்கள் ஆடுவது கார்டு விளையாட்டு. ஆளுக்கு அறுபது கார்டு கொண்ட ஒரு டெக். எந்த அறுபது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும். கலைத்து வைத்த டெக்கின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஆட வேண்டும். அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் எதிரே ஒருவர் உட்காருகிறார். அடுத்த ஞாயிறு கோவையில் பெரிய போட்டி. எங்கள் ஊரில் இந்தக் கார்டுகளை விற்கும் கடை நடத்திய தகுதிச் சுற்றில் வென்று அதற்கு இடம் பிடித்திருந்தேன்.

டெக்கைச் சரிபார்க்க ஞாயிறு மதியங்களில் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போவேன். நண்பன் அங்கே, தைத்ததில் பழுதானதைப் பிரித்தெடுக்கும் செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அன்றைக்குக் கட்டிங் டேபிள் காலியாக இருக்கும்.

ஒரு கார்டு உதவுமா என்று பார்க்க அதை உடனே வாங்குவதில்லை. அதே அளவில் அட்டை வெட்டி, பேனாவில் பெயர் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஆடிப் பார்ப்போம். எங்களுக்கு டேக் அட்டை கிடைத்தது. பனியனில் தொங்கவிடும் விலைச்சீட்டுக்கு வந்து, ஆர்டர் முடிந்தபின் மிஞ்சியது. அறுபதையும் அதிலேயே செய்திருந்தேன். பத்திரிகையில் வேலை பார்த்த பழக்கத்தில் ஒவ்வொரு ஆட்டத்தையும் குறிப்பேன்: யார் தொடங்கினார், முதலில் எடுத்த கார்டு எது, யார் வென்றார். நான்கு ஞாயிறுகளில் பதினொரு கார்டுகளை நீக்கி, புதிதாக, வலுவான பதினொன்றைச் சேர்த்திருந்தேன்.

அந்த மதியம் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதலில் எடுத்த கார்டு புதிய பதினொன்றில் ஒன்றாக இருக்க, ஐந்தாறு ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. பத்தொன்பதில் பன்னிரண்டு முறை வந்திருந்தது.

“நல்லாத்தான வருது, பெறவு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்றான் நண்பன்.

“ரொம்ப நல்லா வருதுப்பா. அதனாலதான்.”

டெக்கை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டான். துணியைத் தடவுவதுபோல ஒவ்வொரு கார்டையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பார்த்தான். ஐந்து கார்டுகளை உருவி, கவிழ்த்து வைத்தான். திருப்பினேன். ஐந்தும் புதியவை.

“ரெண்டு லாட்டு அட்டைல்லா மக்கா இது. பழசு மெலிசு. இது ஜி.எஸ்.எம். கூட, தடிசு.”

புதிய கார்டுகளை வேறொரு ஆர்டரில் மிஞ்சிய அட்டையில் வெட்டியிருந்தேன். வித்தியாசம் தலைமுடி அளவுதான். ஆனால் தொடங்கும் முன் டெக்கை இரண்டாக வெட்டி, மேல்பாதியைக் கீழே வைக்கும்போது, தடித்த கார்டு இருக்கும் இடத்தில் கை தானாகவே நின்றிருக்கிறது. நேரம் மிச்சம் என்று அவனை வெட்டச் சொல்லாமல் நானே வெட்டினேன்.

“தூரப் போடு. ஒரே லாட்டுல வெட்டி மறுபடி ஆடுவோம்” என்றான்.

எனக்கு அட்டை பற்றிய கவலை இல்லை. பைக்குள் இருந்த நிஜ டெக்கை நினைத்துக்கொண்டிருந்தேன். தகுதிச் சுற்றுக்கு முந்தைய நாளே, அந்தப் பதினொரு கார்டுகளையும் வாங்கிப் புதிய பாக்கெட் உறைகளில் போட்டிருந்தேன். மற்றவை ஆறு மாதம் கைபட்டுச் சொரசொரத்த உறைகளில் இருந்தன. வெளியே எடுக்க மனம் வரவில்லை. நான் பையையே பார்ப்பதைக் கண்டு அவன் கையை நீட்டினான்.

மறுபடியும் கண்ணை மூடி, புதியவற்றைத் தடவி உருவினான். முதல் கார்டு சரி. இரண்டாவது சரி. மூன்றாவது தப்பு. நான்காவதும் ஐந்தாவதும் சரி. போதும் என்றேன்.

தகுதிச் சுற்றின் கடைசியில், மூன்று ஆட்டம் கொண்ட போட்டியில் என்னிடம் தோற்றவர் சாமளாபுரத்தில் விசைத்தறி வைத்திருப்பவர். ஐம்பது வயது இருக்கும். வெட்டச் சொல்லி டெக்கை அவரிடம் நீட்டியபோது, “பரவாயில்லீங்க, ஆடுங்க” என்று விரலால் தொட்டதோடு விட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான். எதிராளியின் டெக்கை வெட்டுவது அவரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும்.

“வேணும்னு செஞ்சியா?” என்றான் நண்பன்.

“இல்லை.”

“பெறவென்ன.” சற்றுப் பொறுத்துச் சொன்னான்: “ஆனா செக்கிங்ல வேணும்னு தப்பாத் தச்சது, தெரியாமத் தப்பாத் தச்சதுன்னு ரெண்டு பெட்டி கெடையாது பாத்துக்கோ.”

கள்ளாட்டம் என்ற சொல்தான் என் பயம். தலைப்பில் விழுந்த ஒரு சொல், ஒருவர் மேல் எத்தனை வருடம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று வேலையில் பார்த்திருக்கிறேன். மூன்று முறை போனை எடுத்து வைத்துவிட்டு, நான்காவது முறை சாமளாபுரத்துக்காரரைக் கூப்பிட்டேன். பின்னால் தறிச் சத்தம்.

“அண்ணா, அன்னிக்கு என்ற டெக்குல ஒரு தப்பு இருந்துச்சுங்க. நான் ஜெயிச்சது செல்லாதுங்க. கோயமுத்தூருக்கு நீங்க போறதுதான் மொறைங்க.”

“அட, அதையெல்லாம் பெருசு பண்ணாதீங்க கண்ணு. நீங்க வரலீன்னா நான் போயிட்டு வாறனுங்க. ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?”

என்ன தப்பு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சிறிது நேரத்தில் கடையின் வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதினார்: “கோவைக்கு தம்பிக்கு பதிலா நான் போறேங்க. அவருக்கு ஒடம்புக்கு முடியலை போலிருக்குது.” உடனே இரண்டு பேர் என் உடம்பை விசாரித்தார்கள். நண்பன் எட்டிப் பார்த்து, “பொழச்ச போ. ரெண்டு நாளு இருமிக்கிட்டே திரி” என்றான்.

அப்படியே விட்டிருக்கலாம். விட்டால், கோவையில் யாராவது இதைப் பேச்சில் கண்டுபிடித்துச் சொல்லும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். பிறர் எழுதிய செய்திகளுக்குத் திருத்தம் போட்டிருக்கிறேன். எனக்கு நானே எழுதியதில்லை. நான்கு வரி வந்தது. ‘எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. தகுதிச் சுற்றில் என் டெக்கில் புதிய உறைகளும் பழைய உறைகளும் கலந்திருந்தன. வலுவான கார்டுகளைத் தொட்டே அறிய முடியும் என்பதை இன்றுதான் கண்டேன். அந்த வெற்றி செல்லாது.’ அனுப்பினேன்.

டிக் குறிகள் நீலமாயின. நண்பன் மேசையில் கிடந்த அட்டைகளை லாட் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். பதில் சாமளாபுரத்துக்காரரிடமிருந்து வந்தது.

“அப்ப மூணாவது ஆட்டத்துல கடைசியா ஒரு கார்டு வந்துச்சுங்களே, அதும் அப்படி எடுத்ததுங்களா?”

அந்தக் கார்டு நினைவிருந்தது. அது வராவிட்டால் தோல்வி. ஆட்டத்தின் நடுவில் விதிப்படி டெக்கைக் கலைத்தேன், வெட்டினேன், மேலே அது இருந்தது. புதிய பதினொன்றில் ஒன்று. வெட்டிய கணத்தில் கை என்ன உணர்ந்தது என்று நினைவைத் துழாவினேன். கடையின் டியூப் லைட்டும் அவருடைய கைக்கடிகாரமும்தான் வந்தன.

‘இல்லைங்க’ என்று அடித்து அழித்தேன். ‘ஆமாங்க’ என்று அடித்தேன். அதையும் அழித்தேன். நான் தட்டச்சு செய்துகொண்டிருப்பது அத்தனை பேருக்கும் தெரிந்துகொண்டிருக்கும்.

‘தெரியலீங்க’ என்று அனுப்பினேன்.