மாமா எல்லாருக்கும் தெரிந்த நாள்

என் மாமா செத்துப்போய்விட்டார் என்று நான் மனதார நம்பிய சில நாள்கள் உண்டு. அந்த நாள்களில் அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பல் துலக்கினார், சட்டைக்கு இஸ்திரி போட்டார், போகிற போக்கில் என் தலையில் குட்டினார். அப்படியும் நம்பினேன். காரணம் ஒரு புத்தகம்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் ஆண்டுத் தேர்வு முடிந்து, நீண்ட விடுமுறை தொடங்கியிருந்தது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா லாரி ஓட்டினார். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். அங்கிருந்த தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. நீல நிறச் சீருடை போட்டுக்கொண்டு காலையில் ஃபேக்டரி பஸ் ஏறிப் போவார். வீட்டில் என்னோடு சரிக்குச் சரி வாயடிக்கும் ஆள் அவர் ஒருவர்தான்.

ஒருநாள் சாயங்காலம் பக்கத்து ஊரான புக்கிட் பெருவாங்கில் பழைய புத்தகம் விற்கிற கடையிலிருந்து ஓர் ஆங்கில நாவலை வாங்கி வந்து என் மடியில் போட்டார். அட்டையில் பனி மூடிய ஒரு வீடு. அதன் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம்.

"பேய்க் கதை. நான் படிச்சிட்டேன். ஆனா ஒண்ணு, கதைய சொல்ற பொண்ண மட்டும் நம்பிடாதே," என்றார்.

"ஏன் மாமா?"

"படிச்சிப் பாருலா."

தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்கு அந்த ஆங்கிலம் எளிதாக இல்லை. முதல் பக்கத்தைத் தாண்டவே அகராதியோடு பாதி நாள் மல்லுக்கட்டினேன். அதன் பிறகு அகராதியை மறந்துவிட்டேன். தெரியாத வார்த்தையை மிதித்துக்கொண்டு ஓடினேன். பயம் துரத்தும்போது யார் அகராதி பார்ப்பார்கள்?

கதையைச் சொல்பவள் பதினாறு வயதுப் பெண். அப்பா, அம்மா, அண்ணன், அவள் என்று நான்கு பேர் பனி விழும் மலையூரில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் ஏதோ ஒன்று நடமாடுகிறது. மாடிப்படியில் ஈரக் கால் தடங்கள், சுவருக்குள் தட்டும் ஓசை. அது தன் அண்ணனைக் கொண்டுபோய்விடும் என்று அவள் நடுங்குகிறாள். வீட்டில் யாரும் அவளை நம்புவதில்லை. நான் நம்பினேன். மாமா அத்தனை சொல்லியும் நம்பினேன். அவள் 'நான்' என்று சொல்லும்போதெல்லாம் அது என் காதுக்குள் பேசுவதுபோல இருந்தது. என்னிடம் போய் ஏன் பொய் சொல்லப்போகிறாள்?

புத்தகத்தின் பாதியில் ஒரு வரி வந்தது. அவளுடைய அம்மா சாப்பாட்டு மேசையில் அழுதபடி, "நான்காவது தட்டை எடுத்துவிடு, கண்ணே. அவன் போய் ஒரு வருடமாகிறது," என்கிறாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி, அம்மாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்னடி?" என்று அம்மா அதட்டியதும்தான் மூச்சு வந்தது. பிறகு திரும்பி வந்து முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடியும் பார்த்தேன். அந்தத் திருட்டுப் பெண் ஓர் இடத்தில்கூட நேராகப் பொய் சொல்லியிருக்கவில்லை. நான்கு தட்டு வைத்தோம் என்றாள். அண்ணன் சாப்பிட்டான் என்று சொல்லவே இல்லை. அண்ணன் சிரித்தான் என்றாள். வேறு யாராவது அவனைத் திரும்பிப் பார்த்தார்களா என்றால், இல்லை. எல்லாம் என் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. ஏமாந்ததில் இவ்வளவு ஆனந்தம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எழுதியவரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல இருந்தது.

வினை அங்கேதான் தொடங்கியது. இனி எதையும் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, என் வீட்டைப் படிக்க ஆரம்பித்தேன்.

அப்பா மாமாவோடு பேசுவதில்லை. மாமா கூடத்துக்குள் வந்தால், அங்கே ஒருவரும் இல்லாததுபோல அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா மாமாவுக்குத் தட்டில் சோறு போட்டு மூடி வைப்பாள். காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். ஒருநாள் சாமி படத்தின் முன்னால் அம்மா, "என் தம்பிய நீதான் பாத்துக்கணும்," என்று முணுமுணுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதற்கெல்லாம் வேறு காரணம் இருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அந்த வாரம் ஒருநாள் காலையில் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனபோது, பஸ் நிறுத்தத்தில் மாமா நீலச் சீருடையில் நிற்பதைப் பார்த்தேன். ஃபேக்டரி பஸ் வந்தது. நிற்கவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்காமல் அவரைத் தாண்டிப் போனது. மாமா கையைக் காட்டவும் இல்லை, கத்தவும் இல்லை. பஸ் மறைந்ததும் எதிர்ப்பக்கமாகத் திரும்பி மெதுவாக நடந்தார்.

ரொட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் கண்ணுக்கு அவர் தெரியவில்லை!

என்னோடு பேசுகிறாரே, குட்டுகிறாரே என்ற கேள்விக்குப் புத்தகத்திலேயே பதில் இருந்தது. அந்த அண்ணனும் தங்கையோடு மட்டும் பேசினான், சைக்கிளில்கூட ஏற்றிப் போனான். அப்படியென்றால் நான்தான் அந்தப் பெண். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் என்னையும் யாரும் நம்பமாட்டார்கள். பயத்தைவிட துக்கம்தான் அதிகமாக இருந்தது. அவர் அறைக்கு முன்னால் காரணமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். என் பங்கு முறுக்கை அவருக்குக் கொடுத்தேன். "என்னா, திடீர்னு பாசம்?" என்று அவர் சிரித்தபோது எனக்கு அழுகை முட்டியது.

சனிக்கிழமை, அந்தப் பழைய புத்தகக் கடைக்கு வருகிறாயா என்று மாமா கேட்டார். சோதித்துப் பார்த்துவிடுவது என்று கூடவே கிளம்பினேன். பஸ்ஸில் கூட்டம், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. கடைக்காரர் செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். வெளியே வந்ததும் சாலையோர மரத்தடியில் தேங்காய்ப்பாலும் பனிக்கட்டித் தூளும் கலந்து இனிப்பாகத் தருகிற செண்டோல் வண்டி ஒன்று கண்ணில் பட்டது. செண்டோல்காரர் ஒரு கோப்பை நீட்டுகிறாரா, இரண்டு நீட்டுகிறாரா? இதைவிட நல்ல சோதனை கிடைக்குமா?

"மாமா, செண்டோல்."

"இங்க வேணாம். வேற கடைக்குப் போவோம்லா."

மாமாவின் முகம் மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாதவர் வேறு எப்படித் தப்பிப்பார்? நான் விடவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டி முன்னால் நிறுத்தினேன்.

செண்டோல்காரர் நிமிர்ந்தார். முதலில் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மாமாவைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"வாங்க தம்பி! இன்னிக்கு லேட்டு. பிள்ளையும் கூட வந்திருக்கா? வேல ஏதும் கெடச்சிச்சா?"

அவர் கேட்டதில் என் காதில் விழுந்தது 'வாங்க தம்பி' மட்டும்தான். சாலையென்றும் பாராமல் மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"தெரியுது மாமா! தெரியுது!"

மாமா என்னை மரத்துக்குப் பின்னால் கூட்டிப் போய், குரலைத் தாழ்த்தி, "யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும். அந்த அங்கிளுக்குத் தெரியுது. அம்மாவுக்குக்கூட தெரியும்னுதான் நெனக்கிறேன்."

"அம்மாவுக்குமா?" அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அப்பாவுக்கு?"

"அதுதான் மாமா சந்தேகமா இருக்கு. வாங்க, வீட்டுக்குப் போயி அப்பா முன்னால நில்லுங்க. பாத்துருவோம்."

நான் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவரோ தன் ரகசியம் வெளியில் தெரிந்துவிட்டதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே சொல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நாங்கள் பஸ் ஏறினோம். வழியெல்லாம் மாமா பஸ் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் மட்டும், அவர் குடிக்காமல் என்னிடம் தந்துவிட்ட இரண்டாவது கோப்பைச் செண்டோலின் தித்திப்போடு கால்களை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். மாமா மேசைக்கு எதிரில் வந்து நின்றார். நான் கதவோரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

"மச்சான், நான் ஒண்ணு சொல்லணும்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஃபேக்டரியில எங்க லைன மூடிட்டாங்க. எனக்கு வேல போயி ரெண்டு மாசமாச்சு. தெனமும் சும்மாதான் கெளம்பிப் போனேன்."

அப்பாவின் கை நின்றது. தலையைத் தூக்கினார். மாமாவை, மாமாவின் முகத்தை, நேராகப் பார்த்தார். 'அப்பாடா!' என்று என் வாயிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

"இதுக்குத்தான் அன்னிக்கு சிம்பாங் அம்பாட்டுக்குப் பொண்ணு பாக்க வரமாட்டேன்னு சொன்னியா?"

மாமா தலையாட்டினார்.

"அவங்க முன்னால என் மானம் போச்சுன்னு நான் உன்கூட பேசாம இருந்தேன். வாயத் தொறந்து சொல்லக்கூடாதாடா?"

"எப்படிச் சொல்றது மச்சான்?"

அப்பா காலால் எதிர் நாற்காலியைத் தள்ளிவிட்டார். "உக்காரு. சோறு ஆறுது." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடுதலாகக் குழம்பு ஊற்றினாள். மாமா அன்று தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சிம்பாங் அம்பாட்டுக்குப் போனோம். காரில் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். அந்தப் பெண் கடைசியில் மூன்று தட்டுகளை மட்டும் எடுத்து வைக்கிறாள். சுவருக்குள் தட்டியது, ஈரக் கால் தடம் பதித்தது, எல்லாம் அவளேதான் என்று அப்போதுதான் சொல்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினேன். அன்று முதல் இன்றுவரை அந்த மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன்; முதல் தடவை ஏமாந்த அந்தச் சுகம் மறுபடி வாய்த்ததே இல்லை.

பெண் வீட்டில் மாமா உட்காருவதற்கு முன்பே, "எனக்கு இப்போ வேல இல்லைங்க," என்று சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். என் அம்மா தரையைப் பார்த்தாள். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் மட்டும் வந்தது.

"வேல போனா தேடிக்கலாம்லா. அன்னிக்கு ஏன் வரலன்னு கேளுங்கப்பா."

"வெக்கமா இருந்துச்சு," என்றார் மாமா, அந்தக் குரல் வந்த பக்கமாகப் பார்த்து. அதற்குப் பிறகுதான் தேநீர் வந்தது. கொண்டுவந்தவர்தான் இன்று என் அத்தை.

திரும்பி வரும்போது முன்னிருக்கைகளில் அப்பாவும் அம்மாவும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னிருக்கையில் மாமா என் பக்கம் குனிந்தார்.

"வேல போனது பெரியவங்க யாருக்கும் தெரியல. ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சு?"

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்ட தைரியத்தில், ஒளித்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நான் வேற மாதிரி நெனச்சேன் மாமா. நீங்க செத்துப்போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

மாமா என்னையே பார்த்தார். பிறகு வெளியே ஓடிக்கொண்டிருந்த செம்பனை மரங்களைப் பார்த்தார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார்.

மாமா சொன்ன வேடிக்கைகளிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அம்மா திரும்பிப் பார்த்து அதட்டும் வரைக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.