பாஸ்போர்ட் படமும் பிரெஞ்சுப் பாடமும்

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் சில வகுப்புகள் படித்ததோடு சரி. நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிறவன். பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டோ ஸ்டூடியோவில் இருந்தவன் எப்படிப் பிரெஞ்சு வாத்தியார் ஆனேன் என்பது எனக்கே இன்னும் புதிராக இருப்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தமானில், போர்ட் பிளேர் ஸ்டூடியோ ஒன்றில் டச்சிங் வேலை பார்த்தேன். கூரான பென்சிலால் நெகட்டிவில் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே உள்ள கருமை எல்லாவற்றையும் மறைக்கிற வேலை. யாரும் கேட்க வேண்டியதில்லை, நாங்களே செய்துவிடுவோம்.

மின்னி பே என்ற கடற்கரைப் பகுதியில் மீன் விற்ற தூத்துக்குடி அக்கா ஒருவர் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தார். நெற்றியில் துடுப்பு பட்ட தழும்பு. வழக்கம்போல அதையும் பென்சிலால் எடுத்துவிட்டேன்.

படத்தைப் பார்த்த அக்கா, “அரே தம்பி, யாரு இது? இந்தப் பொம்பளைய பாரிஸுக்கு அனுப்பிட்டு நான் இங்கனயே மீன் விக்கவா?” என்றார்.

நெகட்டிவில் பென்சிலைத் துடைத்துவிட்டு வேறு பிரதி போட்டுக் கொடுத்தபோது விஷயம் தெரிந்தது. அவர் மகளைக் கட்டியவர் எங்கள் ஊர்க்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறார். மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகன் டிக்கெட் அனுப்பியிருந்தார்.

“மாப்பிள்ளை டூட்டிக்குப் போன நேரத்துல புள்ளைக்கு வலி எடுத்தா, அந்த நர்ஸம்மாட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?”

அதைப் பிரெஞ்சில் இப்படிச் சொல்லலாம் என்று ஒரு வாக்கியத்தை முணுமுணுத்தேன். அக்கா கூடையைக் கீழே இறக்கி வைத்தார்.

“இத மொதல்லயே சொன்னா என்னவாம்? நாளைலருந்து வாரேன்.”

மத்தியானம் ஸ்டூடியோ சாத்தும் நேரத்தில் பாடம். செய்தி மரைன் ஹில்லில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிவரை போனது; பெரிய வகுப்புப் பெண்களுக்குச் சொல்லித்தர வருவீர்களா என்று கேட்டனுப்பினார்கள். அக்கா கப்பலேறட்டும், பிறகு சொல்கிறேன் என்றேன். ஒருவரையே பேசவைக்க முடியாதவன் வகுப்பின் முன்னால் எப்படி நிற்பது?

அக்காவுக்குச் சொற்கள் மனப்பாடம். ஆனால் வாய் திறந்தால் பாதியில் நின்றுவிடும். மீதியை நான் சொல்வேன். அவர் தலையாட்டுவார். எங்கே தடுக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை. இரவெல்லாம் அதே யோசனை.

கடைசிப் பாடத்தன்று நான் நர்ஸாக நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “மா ஃபீய்...” என்று ஆரம்பித்தார். என் மகள் என்று அர்த்தம். அடுத்த சொல்லுக்கு அவர் மூச்சு வாங்குவதற்குள் நான் எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா இடுப்பில் கை வைத்தார். “மறுபடியும் டச்சிங்கா? எந் தழும்பத்தான் எடுத்திய, இப்ப எம் பேச்சயும் எடுக்கியளோ? நாளைக்கு அங்கன வந்து நிப்பியளா நீங்க?”

மேஜையிலிருந்த டச்சிங் பென்சிலை எடுத்துப் பற்களுக்கு நடுவில் கடித்துக்கொண்டேன்.

“பஸ், போதும், அப்படியே இரும்” என்று வெளியே போய், மறுபடி கதவைத் தள்ளினார்.

“மா ஃபீய்!” நிறுத்தினார். நான் பென்சிலைக் கடித்தேன். கண்ணை மூடி எதையோ தேடினார். “மால்! மால்!” வலி என்று வயிற்றைப் பிடித்துக் காட்டினார். பிறகு என் முழங்கையைப் பற்றி, மீன் ஏலத்தில் கூவுகிற குரலில், “வீத்! ஜல்தி, வீத்!” என்று அவசரப்படுத்தினார்.

பள்ளியில் எனக்குச் சொல்லித்தந்த பிரெஞ்சு அல்ல அது. நடுவில் இந்தி வேறு. ஆனால் நான் எழுந்து கதவுவரை போய்விட்டிருந்தேன். பென்சில் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

“நர்ஸம்மா கெளம்பிட்டாளே!” என்று அக்கா சிரித்தார்.

மறுநாள் அக்கா கப்பலேறினார். நான் மரைன் ஹில் பள்ளிக்குப் போய், பாடம் சொல்லித்தர வருகிறேன் என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.